தட்டுக்கேற்ற மீன் கேட்காதீர்கள்: கிழக்குக் கடற்கரைச் சாலை விடுதிகளுக்கு ஒரு திறந்த மடல்

நீலாங்கரையிலிருந்து மாமல்லபுரம் தாண்டிப் புதுச்சேரி வரை கடலோரத்தில் விடுதி நடத்தும் உரிமையாளர்களுக்கும், அவ்விடுதிகளின் கொள்முதல் மேலாளர்களுக்கும், தலைமைச் சமையல்காரர்களுக்கும்,

வணக்கம்.

நான் இந்தக் கரையில் மீன் எடுத்து விடுதிகளுக்குப் போடுகிற வியாபாரி. உங்களில் பலருக்கு என் குரல் தெரியும். "இன்றைக்கு வஞ்சிரம் எத்தனை கிலோ வரும்?" என்று விடியற்காலையில் நீங்கள் தொலைபேசியில் கேட்கும்போது மறுமுனையில் இருப்பது நானோ என்னைப் போன்ற ஒருவரோதான். பெயரைப் போட்டால் அந்த அழைப்பு நின்றுவிடும் என்பதால் போடவில்லை.

உங்கள் விடுதிகளில் கொஞ்ச காலமாகக் கடல்மேல் ஓர் அக்கறை தெரிகிறது. வரவேற்பறையில் கடலைக் காக்கச் சொல்லும் பலகை இருக்கிறது. பிளாஸ்டிக் உறிஞ்சுகுழல் போய்க் காகிதக் குழல் வந்திருக்கிறது. ஆமைக்குஞ்சு விடும் காலத்தில் விருந்தினர்களை அழைத்துப்போய்க் காட்டுகிறீர்கள். ஊழியர்கள் ஒரே நிறச் சட்டை போட்டுக்கொண்டு கரையில் குப்பை பொறுக்குகிறார்கள். இதையெல்லாம் நான் கேலி செய்யவில்லை. பொறுக்கிய குப்பை பொறுக்கியதுதான். ஆனால் ஒரு விடுதிக்கும் கடலுக்கும் உள்ள பெரிய கொடுக்கல் வாங்கல் நடப்பது சமையலறையின் பின்வாசலில். அங்கே எந்த மீன், எந்த அளவில், எந்த வலையில் விழுந்து வந்து இறங்குகிறது என்பதை உங்கள் அக்கறை இன்னும் எட்டிப் பார்க்கவில்லை.

ஆமையிலிருந்தே தொடங்குகிறேன். 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கியது உங்களுக்கு மறந்திருக்காது. உங்கள் விருந்தினர்கள் காலை நடைக்குப் போன மணலில்தான் அவை கிடந்தன. கண் பிதுங்கி, கழுத்து வீங்கிக் கிடந்த உடல்கள். வலையில் சிக்கி மூச்சடைத்துச் சாகும் ஆமை அப்படித்தான் ஒதுங்கும். ஆமைக்கு நுரையீரல்; அவ்வப்போது மேலே வந்து மூச்சு விட்டாக வேண்டும். விசைப்படகுகள் கடலடியில் இழுத்துப்போகும் பை வலையான இழுவை மடியை ஒருமுறை இறக்கினால் மணிக்கணக்கில் இழுப்பார்கள். உள்ளே மாட்டிய ஆமை மேலே வருவதற்கு வழியில்லை. மடிக்குள் ஒரு கம்பித் தட்டியும் அதற்கு மேலே ஒரு திறப்பும் வைத்துவிட்டால் இறால் உள்ளே போகும், ஆமை வெளியே போகும். கொச்சியில் இருக்கும் மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் நம் படகுகளுக்கென்றே அப்படி ஒரு கருவியை வடிவமைத்துக் கொடுத்திருக்கிறது. நம் கரையில் அது பெரும்பாலும் மடியில் ஏறவில்லை. இந்தக் காரணத்தைச் சொல்லித்தான் இந்தியக் கடலில் பிடித்த இறாலை வாங்குவதை அமெரிக்கா நிறுத்தியது. அமெரிக்கன் ஆமைக்காக மறுத்த அந்த இறாலை, ஆமைக்குஞ்சு விட்டுவிட்டு வந்து உட்காருகிற நம் விருந்தினருக்கு நீங்கள் வெண்ணெயில் வதக்கிப் பரிமாறுகிறீர்கள்.

இழுவைப் படகுக்காரர்களை மட்டும் குற்றம் சொல்லி நான் நழுவவில்லை. எங்கள் ஃபைபர் படகுகளின் வலைகளிலும் ஆமை சிக்குவதுண்டு. உயிரோடு இருந்தால் கண்ணியை அறுத்து விட்டுவிடுவார்கள்; எல்லா நேரமும் உயிரோடு இருப்பதில்லை. ஆனால் ஓர் இழுப்பில் விழும் எண்ணிக்கை வேறு, கடலடியைச் சுரண்டும் வேகம் வேறு.

இப்போது உங்களுக்கு நேரடியாகத் தொடர்புள்ள விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது 'தட்டளவு' மீன். 400 கிராம், 500 கிராம். தலையும் வாலும் தட்டுக்குள் அடங்க வேண்டும், ஒருவருக்கு ஒரு மீன், விலைப்பட்டியலில் கணக்கு நேராக இருக்க வேண்டும். சமையலறைக்கு இது வசதி, மறுக்கவில்லை. கலவாய்க்கு இது என்ன செய்கிறது என்று பாருங்கள். கலவாய் பெண்ணாகவே வளர்ந்து, பல ஆண்டு கழித்துப் பெரிதான பிறகு ஆணாக மாறுகிற மீன். தட்டளவில் எடுத்தால் பெரும்பாலான இனங்களில் அது முட்டை போடுவதற்கு முன்பே எடுத்ததாக ஆகும். கல்யாண விருந்துக்குக் காட்சி வைக்கப் பெரியதாகவே பொறுக்கி எடுத்தால் பாறையில் ஆண் மீன் மிஞ்சாது. இரண்டு பக்கமும் அடி. செப்பிலி, விலைமீன் போன்ற பாறை மீன்களும் மெதுவாக வளர்பவைதான். பெரிய மீனைத் துண்டு போட்டுக் கொடுக்கிற பழைய வழக்கத்தில் என்ன குறை என்று எனக்குப் புரியவில்லை. நம் வீடுகளில் முழு மீனைத் தட்டில் படுக்க வைத்தா பரிமாறினோம்?

வஞ்சிரம் தனிக் கதை. சென்னைக்காரனுக்கு மீன் என்றால் வஞ்சிரம். அந்த மோகத்தை வளர்த்ததில் ஓட்டல்களுக்குப் பங்கு உண்டு. ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் நீளம் வந்த பிறகுதான் வஞ்சிரம் முதல் முறையாகச் சினை வைக்கிறது. எடைக்கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 3 கிலோ. நீங்கள் எடுப்பதில் கணிசமானது ஒன்றரை, இரண்டு கிலோ மீன், ஏனென்றால் அதன் துண்டு கைக்கு அடக்கமாக இருக்கிறது, வறுத்தால் கல்லில் நிறையத் துண்டு கொள்கிறது. கேரள அரசு 58 இனங்களுக்கு, இந்த நீளத்துக்குக் கீழே பிடிக்கவோ விற்கவோ கூடாது என்று அளவு வகுத்திருக்கிறது. எத்தனை துறைமுகத்தில் அதை அளந்து பார்க்கிறார்கள் என்பது வேறு கேள்வி. சட்டம் வரட்டும் என்று நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. "3 கிலோவுக்குக் குறைந்த வஞ்சிரம் எங்கள் சமையலறைக்கு வேண்டாம்" என்று கொள்முதல் தாளில் நீங்கள் எழுதுகிற ஒரே வரி, இந்தக் கரையில் பல அரசாணைகளைவிட வேகமாக வேலை செய்யும். ஏலத்தில் சின்ன மீனுக்கு விலை இறங்கினால் அடுத்த வாரமே வலைக்கண்ணியைப் பற்றிப் பேச்சு வரும். நான் பார்த்த வரையில் கடலில் எந்தச் சீர்திருத்தமும் விலை வழியாகத்தான் வந்திருக்கிறது.

தடைக்காலத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. 2001-இல் தொடங்கியபோது 45 நாளாக இருந்தது, பிறகு 61 ஆனது. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டையும் சேர்த்து வைத்துப் பாருங்கள்: ஜூன் முதல் இரண்டு வாரம் நாட்டின் இரு கரையிலும் பெரும்பாலான விசைப்படகுகள் கட்டிக் கிடக்கின்றன. அந்த இரண்டு வாரத்திலும் உங்கள் உணவுப் பட்டியலில் ஒரு வரிகூட மாறுவதில்லை. அப்படியானால் தட்டில் இருப்பது என்ன? குளிர்பதனக் கிடங்கில் பல வாரம் கிடந்தது, அல்லது வெளிநாட்டிலிருந்து வந்தது, அல்லது நாட்டுப்படகுக்காரனிடம் இரண்டு மடங்கு விலைக்குப் பிடுங்கியது. 'இன்று காலை கடலிலிருந்து' என்ற எழுத்து மட்டும் பட்டியலில் அப்படியே இருக்கும்.

தடைக்காலத்தில் மீனே கிடைக்காது என்பதும் உண்மையில்லை. நாட்டுப்படகுகள் போகின்றன. கானாங்கெளுத்தி வரும், நெத்திலி வரும், காரப்பொடி வரும், சூரை வரும். வராத நாளில் வராது. வருவதை வைத்துச் சமைக்கிற விடுதிக்கு ஜூன் மாதம் ஒரு பிரச்சினையே இல்லை. வருடம் முழுவதும் ஒரே பத்து மீன் என்று அச்சடித்து வைத்திருக்கிற விடுதிக்குத்தான் பிரச்சினை.

இங்கே தலைமைச் சமையல்காரர்கள் ஒரு பதில் வைத்திருப்பார்கள்: "இந்த மீனையெல்லாம் விருந்தினர் விரும்பிக் கேட்கமாட்டார்கள்." உங்கள் விடுதிகளின் பின்கட்டில் ஊழியர்களுக்குப் போடுகிற மதியச் சாப்பாட்டை நான் சாப்பிட்டிருக்கிறேன். கானாங்கெளுத்திக் குழம்பு, நெத்திலி வறுவல், சில நாளில் மத்தி. முன்கட்டில் பரிமாறுகிற எதைவிடவும் அது ருசியாக இருந்தது என்று சொன்னால் சமையல்காரர்களே மறுக்கமாட்டார்கள். அதைச் சமைக்கத் தெரிந்த கை உங்களிடமே இருக்கிறது. அதற்கு ஒரு நல்ல பெயரும் நல்ல தட்டும் கொடுக்க மட்டும் தயக்கம். மலிவான மீனைப் பட்டியலில் போட்டால் விடுதியின் தரம் குறைந்துவிடும் என்ற பயம். இந்தப் பயத்தைப் பற்றி நான் என்ன சொல்ல, அது மீன் சம்பந்தப்பட்டதல்ல.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்லி வைக்கிறேன். எல்லோரும் சேர்ந்து சின்ன மீனுக்குத் தாவினாலும் ஆபத்துதான். கேரளத்தில் 2012-இல் ஏறத்தாழ 4 லட்சம் டன் கிடைத்த மத்தி, 2021-இல் சில ஆயிரம் டன்னாகச் சுருங்கியது. கடலின் வெப்பமும் நீரோட்டமும் மாறியது ஒரு காரணம், குஞ்சையும் அள்ளியது இன்னொரு காரணம். மீன்தூள் ஆலைகளின் பசிக்குக் கணக்கே கிடையாது. ஆகவே வஞ்சிரத்துக்குப் பதில் மத்தி என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு மீனைப் பிடித்துத் தொங்காமல், கரையில் இறங்குகிற இருபது முப்பது வகையிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுங்கள் என்கிறேன்.

சிங்கி இறால் விஷயத்தில் நடப்பது வெளிப்படையான அநியாயம். 2003-இல் மத்திய வணிக அமைச்சகம் ஏற்றுமதிக்குக் குறைந்தபட்ச எடை வகுத்தது: வகைக்கேற்ப முழுச் சிங்கி 200, 300, 500 கிராம், தட்டைச் சிங்கி 150 கிராம். அதற்குக் கீழே இருந்தால் கப்பல் ஏறாது. ஏறாதது எங்கே போகிறது? கடலோரச் சாலை உணவகங்களின் கண்ணாடித் தொட்டிக்குப் போகிறது. வெளிநாட்டானுக்கு விற்கக் கூடாத குட்டியை உள்ளூர்க்காரனுக்கு விற்கலாம் என்று ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. வயிற்றடியில் முட்டைக்கொத்தோடு வரும் சிங்கியையும், சினை நண்டையும் விரும்பிக் கேட்கும் சில விருந்தினர்கள் இருக்கிறார்கள். 'இல்லை' என்று சொல்லுங்கள். சாராயக்கடையில்கூட வயது கேட்கச் சொல்லிச் சட்டம் இருக்கிறது.

சுறாப்புட்டைப் பற்றிச் சுருக்கமாக: சுறா மெதுவாகப் பருவமடைந்து, சில குட்டிகளே போடுகிற உயிர். சந்தையில் எந்தச் சுறாவின் குட்டியாக இருந்தாலும் பால்சுறா என்ற பெயரில்தான் விற்பனையாகும். 2022-இல் திருத்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பல சுறா, திருக்கை, உழுவை இனங்களைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்துவிட்டது. தோலுரித்து வெட்டிய பிறகு எது எந்த இனம் என்று எனக்கே அடையாளம் தெரியாது. உங்களுக்கு எப்படித் தெரியும்? வீட்டுச் சமையலில் அது பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் பத்திய உணவு. அதை இரவு விருந்தின் பலகாரமாக்க வேண்டிய அவசியம் இல்லை.

இனி, யாரும் பேசாத ஒன்று: நீங்கள் பணம் கொடுக்கும் விதம்.

விடுதிக்கு மீன் போட வேண்டுமென்றால் முதலில் விற்பனையாளர் பதிவு. வரிச் சான்று, உணவுப் பாதுகாப்பு உரிமம், வங்கிக் கணக்கு, கணினிப் பில். சரி, சுகாதாரம் முக்கியம், ஒப்புக்கொள்கிறேன். அதன் பிறகு 45 நாள், 60 நாள் கடன். பில் போட்டு இரண்டு மாதம் கழித்துப் பணம் வரும். ஃபைபர் படகில் மூன்று பேர் தூண்டில் போட்டுவிட்டு வருகிறார்கள் என்று வையுங்கள். எரிபொருளுக்கும் ஐஸுக்கும் இரைக்கும் வாங்கிய கடனை அன்று மாலையே அடைத்தால்தான் மறுநாள் படகு இறங்கும். அவர்களால் உங்களுக்கு 60 நாள் கடன் கொடுக்க முடியாது. யாரால் முடியும்? துறைமுகத்தில் விசைப்படகுகளுக்கு முன்பணம் கொடுத்து மொத்தமாக மடக்கி வைத்திருக்கிற பெரிய வியாபாரியால் முடியும். அவரிடம் இருப்பது இழுவை மடி மீன். பல நாள் கடலில் தங்கி, ஐஸில் அடுக்கி, கரைக்கு வரும்போதே வயதாகிப்போன மீன்.

ஆகவே, தூண்டில் மீன் வேண்டுமா இழுவை மீன் வேண்டுமா என்ற முடிவை உங்கள் சமையல்காரர் எடுப்பதில்லை. கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருக்கிற ஒருவர், கடலைப் பற்றி ஒரு நொடிகூட யோசிக்காமல், கடன் காலத்தை நிரப்பும்போதே எடுத்துவிடுகிறார். உங்கள் நிலைத்தன்மை அறிக்கையில் எத்தனை பக்கம் கடல் படம் போட்டாலும் இந்த ஒரு கட்டம் அதையெல்லாம் அடித்துவிடும். இரண்டு மாதப் பணத்தைக் கையிலிருந்து போட்டு நடுவில் நிற்கிற என்னைப் போன்றவர்களும் மலிவான சரக்கைத்தான் தேடிப் போவோம். எங்களைத் தர்மவான்கள் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

கோவளத்திலும் நெம்மேலியிலும் தேவனேரியிலும் சட்ராஸிலும் கரையிலேயே எடுக்கிற மீனுக்கு வாரம் ஒருமுறையாவது பணம் கொடுங்கள். மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் 2020-க்குப் பிறகு மீனவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் உருவாகியிருக்கின்றன. சங்கத்தை ஒரே விற்பனையாளராகப் பதிவு செய்துகொண்டால் ஒவ்வொரு படகுக்காரனிடமும் உரிமம் கேட்க வேண்டியதில்லை. ஐஸ் பெட்டி வாங்கக் கொஞ்சம் முன்பணம் கொடுத்தால் மீனின் தரம் ஒரே மாதத்தில் மாறுவதைப் பார்ப்பீர்கள். தூண்டிலில் தனித்தனியாக ஏறி, உடனே ஐஸில் போன மீனின் கண்ணையும் செவுளையும் ஒருமுறை பார்த்த சமையல்காரர் பிறகு மடி மீனைக் கையில் எடுக்கமாட்டார். விலை கூடுதல்தான். ஆனால் நசுங்கியது, மணம் போனது என்று நீங்கள் கழித்துக் கொட்டுகிற சரக்கையும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள்.

சூரைக்குக் கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பகுதி மீனவர்களை விசாரியுங்கள். ஆழ்கடலில் தூண்டில் போடுவதில் அவர்களுக்கு நிகர் நம் நாட்டில் குறைவு. லட்சத்தீவில் கழித்தூண்டிலால் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடிக்கிற சூரையில் மற்ற உயிர்கள் மாட்டுவது மிகச் சொற்பம். நார்வேயிலிருந்து விமானத்தில் வருகிற சால்மனுக்கு முத்திரை இருக்கிறது, இவற்றுக்கு இல்லை என்று தயங்க வேண்டாம். நம் பக்கத்திலும் முத்திரை வாங்கியவர்கள் உண்டு: கொல்லத்தின் அஷ்டமுடிக் காயல் மட்டி 2014-இல், கடல்வளம் குறையாமல் பிடிப்பதற்குத் தருகிற எம்.எஸ்.சி. என்ற சர்வதேசச் சான்றைப் பெற்றது, இந்தியாவில் அதுதான் முதல். ஆனால் சான்றுக்கு ஆகும் செலவை ஒரு குப்பத்தால் தாங்க முடியாது. முத்திரைக்குப் பதிலாகப் பில்லில் கொஞ்சம் தகவல் கேளுங்கள். மீனின் உள்ளூர்ப் பெயர், இறங்கிய கரை, எந்த வகைப் படகு, வலையா தூண்டிலா, எடை. இவ்வளவு எழுதித் தர என்னால் முடியும். எழுத மறுக்கிற வியாபாரியிடம் ஏன் என்று கேளுங்கள்.

வளர்ப்பு மீனையும் ஒதுக்க வேண்டாம். உங்கள் விடுதிகளுக்குப் போகிற வழியில் முட்டுக்காட்டிலேயே மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தின் ஆய்வு நிலையம் இருக்கிறது. 1997-இல் கொடுவாக் குஞ்சு பொரிக்கும் முறையைக் கண்டவர்கள் அவர்கள். தட்டளவு மீன் இல்லாமல் முடியவே முடியாது என்றால் வளர்ப்புக் கொடுவாயைத் தட்டளவில் எடுங்கள். அதற்காகக் கடலைக் கேட்க வேண்டாம். ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் கடல் விரால் குஞ்சும் பொரிக்கிறார்கள். என்ன தீவனம் போட்டு வளர்த்தார்கள் என்று மட்டும் விசாரியுங்கள். கடலில் அள்ளிய குஞ்சு மீனை அரைத்துப் போட்டு வளர்த்தால் சுற்றி வந்து அதே இடம்தான். தீவனமே கேட்காதவை மட்டியும் ஆளியும். தண்ணீரை வடிகட்டித் தின்று வளர்கின்றன. அவற்றுக்கு நம் பட்டியல்களில் இடமே இல்லாதது எனக்கு விளங்காத புதிர்.

பாதுகாப்புக்குப் பணம் கொடுக்க விரும்பினால் புதிதாக எதையும் தொடங்காதீர்கள். மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு 1988-லிருந்து சென்னைக் கரையில் இரவெல்லாம் நடந்து முட்டைகளைச் சேகரிக்கிறது. நீலாங்கரையில் ட்ரீ அறக்கட்டளை மீனவ இளைஞர்களையே ஆமைக் காவலர்களாக வைத்து 2002 முதல் வேலை செய்கிறது. அவர்களிடம் என்ன வேண்டும் என்று கேளுங்கள். முதல் பதில் பணமாக இருக்காது என்று நினைக்கிறேன். ஜனவரி முதல் கடலைப் பார்த்த விளக்குகளை அணைக்கச் சொல்வார்கள். குஞ்சு முட்டையிலிருந்து வந்ததும் வெளிச்சமான பக்கம் ஓடும். உங்கள் புல்தரை விளக்கு கடலைவிடப் பிரகாசமாக இருந்தால் அது சாலைக்கு ஏறிவிடும்.

என்னால் முடிந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் 15-க்கு முன்பு நீங்கள் பத்து விடுதிக்காரர்கள் சேர்ந்து ஒரு கூட்டம் போடுங்கள். இடம் உங்களுடையதாகவே இருக்கட்டும், ஆனால் கணக்குப் பிரிவு ஆட்களையும் உட்கார வையுங்கள். நான் கோவளம், நெம்மேலிப் பஞ்சாயத்தார் சிலரை அழைத்து வருகிறேன். முதலில் 61 நாளுக்கு மட்டும் பேசுவோம்: பட்டியலில் மீன் பெயரை எடுத்துவிட்டு 'இன்றைய நாட்டுப்படகு மீன்' என்று ஒரு வரி, 3 கிலோவுக்குக் கீழே வஞ்சிரம் இல்லை, சினை நண்டும் குட்டிச் சிங்கியும் இல்லை, சனிக்கிழமைதோறும் பணம். ஜூன் 14-க்குப் பிறகு கணக்கைப் பார்த்து, நஷ்டம் என்றால் விட்டுவிடலாம். நேரில் பேச விரும்புகிறவர்கள் விடியலில் மீன் இறங்கும்போது கரைக்கு வாருங்கள். ஏழு மணிக்கு மேல் வந்தால் நான் உங்கள் சமையலறைப் பின்வாசலில் கையெழுத்துக்காக நின்றுகொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
கோவளம் கரையிலிருந்து ஒரு மீன் வியாபாரி